சாயங்காலம் வந்த வலி

என் சின்னம்மா கங்கையம்மாளுக்குக் கை வெந்தது 2003 ஆடி மாதம், ஒரு முற்பகலில். வலித்தது சாயங்காலம். இந்த இடைவெளியை வைத்துத்தான் அவளைப் பொய்க்காரி ஆக்கினார்கள்.

சின்னம்மாவுக்குச் சாயப் பட்டறையில் வேலை. பட்டு நூல் கற்றைகளைக் கம்பில் கோத்து, கொதிக்கும் சாயத்தில் இருவர் இரு முனையிலும் நின்று முக்கிப் புரட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், கற்றை வீண். அன்று அரக்கு நிறம். எதிர் முனையில் மயில்வாகனம். கம்பு வழுக்கி, சின்னம்மாவின் வலது கை முழங்கை வரை தொட்டிக்குள் போய் வந்தது. அவள் கம்பை விடவில்லை, கத்தவுமில்லை. நிறம் ஏறும்வரை புரட்டினாள். கையெல்லாம் அரக்கு அப்பியிருந்ததில் தோல் சிவந்ததுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் துடித்தாள். பெரிய பெரிய கொப்புளங்கள்.

கொதிசாயத்தில் கை விட்டவள் கத்தாமல் இருப்பாளா என்று கேட்டார் முதலாளி. வீட்டில் கஞ்சி வடிக்கும்போது கொட்டிக்கொண்டு பட்டறைமேல் பழி போடுகிறாளாம். மயில்வாகனம் பார்த்ததைச் சொன்னான். அவனையும் அதட்டி அனுப்பினார். கை வெந்தது பட்டறையில்தான் என்று முதலாளி வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும், சின்னம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஏனாத்தூர் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தவள். நேரே போய் முதலாளியிடம் விளக்கினேன். பதற்றத்தில் மூளை எண்டார்ஃபின் போன்ற நியூரோபெப்டைடுகளைச் சுரக்கும், அவை வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மறித்துவிடும், பதற்றம் தணிந்த பிறகுதான் வலி மேலேறும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அப்போ இங்க அவளுக்கு வலிக்கலன்னு நீயே ஒத்துக்கினியேமா."

பட்டறையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பு கொதித்தது. அவர்மேல் மட்டுமில்லை, என்மேலும்தான் ஆத்திரம். நான் போனது சின்னம்மாவுக்காகவா, படித்ததைக் காட்டிக்கொள்ளவா? என் பாடத்தை வைத்தே அவர் தப்பித்துக்கொண்டாரே.

நடந்ததைச் சின்னம்மாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ சுட்டா ஒடனே தெரியாதாமா?"

"எப்பவும் இல்ல சின்னம்மா. சில சமயம்."

"அது தெரியிற வரிக்கும் வாய மூடிக்கினு இருந்தா, நாமதான் பொய் சொல்றவங்க."

தீபாவளி வேலைக்கு ஆள் போதாமல் முதலாளியே கூப்பிட்டு அனுப்பினார். விரல்கள் முழுதாக மடங்காத அந்தக் கையோடு போனாள். போன அன்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்: ஒரு சொட்டு மேலே பட்டாலும் கத்து, வலித்தாலும் கத்து, வலிக்காவிட்டாலும் கத்து.

அன்றிலிருந்து தெருமுனை வரை அந்தப் பட்டறையின் கத்தல் கேட்கிறது. மயில்வாகனம் கம்பை விடாமலே ஊரைக் கூட்டுகிறான். முதல் நாள் சின்னம்மா போட்ட கூச்சலில் முதலாளி சாப்பிட்ட கையோடு ஓடி வந்தாராம்.

"இன்னாடி, வலிக்குதா?"

"சாயந்திரம் வலிக்கும் மொதலாளி. இப்பவே நல்லாப் பாத்துக்குங்க."