கல் சொன்ன வருடம்

அச்சகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். இருபது வருடமாகப் பிழை திருத்துகிறாள். முதலாளியே ஒரு கடிதம் எழுதினால் அவள் மேசைக்குப் பயந்து பயந்துதான் அனுப்புவார்.

நெஞ்சுப் படபடப்பு என்று ஒருநாள் மருத்துவரைப் பார்க்கப் போனாள். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டார்.

"எங்க தாத்தாவுக்கு. அத்தை வீட்டை விட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அந்த அதிர்ச்சியில ஒரே வாரத்துல மாரடைப்பு."

"அப்ப அவருக்கு என்ன வயசு?"

அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை நூறு முறை கேட்டிருக்கிறாள். அத்தை போன வருடம் தெரியும், தாத்தாவின் வயதை யாரும் சொன்னதில்லை. அந்த அத்தையைப் பார்த்ததுகூட இரண்டே முறை, உறவினர் கல்யாணங்களில். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். பெத்த அப்பனை முழுங்கினவ என்று யாரோ முணுமுணுத்தது இவள் காதிலும் விழுந்தது.

அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சித்தப்பாவைக் கேட்டாள்.

"அவர் சாகறப்ப எனக்கு நாலு வயசும்மா, உங்கப்பாவுக்கு ஆறு. எல்லாம் பெரியண்ணன் சொன்னதுதான். ரயில் பட்டறையில வேலை பார்த்தார், அந்த ஊர்லயே புதைச்சிட்டுக் கிளம்பி வந்துட்டோம். எந்தக் கல்லறைன்னு யாருக்குத் தெரியும்? இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

காலியாகக் கிடக்கும் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. அந்த ஊரில் நான்கு பழைய கல்லறைத் தோட்டங்கள் இருந்தன. ஞாயிறுதோறும் ஒரு வாளி, மெல்லிய தூரிகை, கைக்கண்ணாடியோடு பஸ் ஏறினாள். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பினால், தேய்ந்த எழுத்தும் எழுந்து நிற்கும். அதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். இரண்டாவது தோட்டத்தில் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. மூன்றாவதில் அத்தை வீட்டை விட்டுப் போன வருடத்தின் பக்கங்களை வரிவரியாகப் பார்த்தாள். தாத்தா பெயர் இல்லை. அவள் அசரவில்லை.

நான்காவதில், மதில் ஓரத்தில், முள்செடிக்குப் பின்னால் இருந்தார் தாத்தா. கீழே "பட்டறைத் தோழர்கள் வைத்த கல்" என்று இருந்தது. தேதியை மூன்று முறை படித்தாள். அத்தை போய் மூன்று வருடம் கழித்து ஒரு தேதி.

கொத்தியவன் தவறாகக் கொத்தியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுத்துப் பிழையோடு மல்லுக்கட்டுபவளுக்கு வேறென்ன தோன்றும்? நேரே வாசல் அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா தூசி தட்டிப் பேரேட்டைப் பிரித்தார். அதே வருடம். வயது ஐம்பத்தொன்று. காரணம்: நிமோனியா. தகவல் தந்தவர் என்ற இடத்தில் பெரியப்பாவின் கையெழுத்து, தெளிவாக.

அங்கிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டாள்.

"சித்தப்பா, அத்தை போனப்ப உங்களுக்கு எத்தனை வயசு?"

"ஒண்ணு. இன்னும் நடக்கவே ஆரம்பிக்கலையாம்."

"தாத்தா போனப்ப நாலுன்னு சொன்னீங்களே."

ஒண்ணு, நாலு என்று அவர் எண்ணிப் பார்ப்பது கேட்டது. "எழுபது வயசாச்சு," என்றார் கடைசியில். "இந்தக் கணக்கு எனக்குத் தோணவே இல்லை பாரு."

அடுத்த ஞாயிறு அத்தை வீட்டுக்குப் போனாள். எண்பத்தேழு வயதிலும் அத்தை தானே எழுந்து வந்து கதவைத் திறந்தார். கல்லையும் பேரேட்டையும் எடுத்திருந்த புகைப்படங்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்:

"உங்களால அவர் சாகலை அத்தை. அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்திருக்கார்."

அத்தை அழவில்லை. உள்ளே போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். கல்யாணமான எட்டாம் நாள் பெரியப்பா எழுதியது. அப்பா போய்விட்டார், உன்னால்தான், இந்தப் பக்கம் வராதே என்று நான்கே வரி.

"உயிரோட இருந்த மனுஷனைச் செத்துட்டார்னு எழுதியிருக்கான்," என்றார் அத்தை. "நான் பட்ட பாடு போகட்டும். காய்ச்சல்ல கிடந்தப்பகூட மக எட்டிப் பார்க்கலைன்னு அவர் நெனச்சிருப்பாரே. அதுக்கு யாரைப் போய்க் கேக்கறது?"

இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போ," என்றார் அத்தை.

அந்த வாரமே போனார்கள். கல்லறைத் தோட்ட வாசலில் சித்தப்பா சலவைச் சட்டையோடு நின்றிருந்தார். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. "அக்கா" என்றார்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கைக்குழந்தையில நீ ராத்திரி பகல்னு இல்லாம கத்துவே. உன்னை இடுப்புல வெச்சே எனக்கு இடுப்பு கோணிப் போச்சு. வா, இப்ப நீ என்னைப் பிடி."

தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டு அத்தை மதில் பக்கம் நடந்தார். வழியில் முள்செடியை வெட்டுவதற்கு அரிவாள் கொண்டுவந்தாயா என்று கேட்டு, அவர் கொண்டுவரவில்லை என்றதும் திட்ட ஆரம்பித்தார்.