கட்டில் எண்ணும் காவல் நிலையம்

மும்பை ரயிலில் இடம் கிடைத்து உட்கார்ந்தவுடன், எதிரே நிற்பவர் கேட்பார்: "கஹாங் உதர்னா?" எங்கே இறங்குவாய் என்பது மட்டும்தான் இந்த நகரத்துக்கு நம்மைப் பற்றித் தேவை. வள்ளியூர்ப் பக்கம் எங்கள் ஊர் பஸ்ஸிலோ, டிக்கெட் வாங்குவதற்குள் நான் யார் மகன், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று பக்கத்து சீட்காரர் விசாரித்து முடித்திருப்பார். இரண்டாவது கேள்விக்குப் பயந்துதான் நான் இங்கே வந்தேன். வந்த புதிதில், கிங்ஸ் சர்க்கிளில் நான் வேலை பார்க்கும் மசாலாக் கடையில், மூட்டை இறக்குகிறவர் என்னை "மீட்டா" என்றார். இனிப்பு என்று அர்த்தம். என் குணத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்து "தேங்க்ஸ்" சொன்னேன். கடையே சிரித்தது. ஆணை விரும்பும் ஆணுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பெயர் அது என்று பிற்பாடு செல்வாதான் சொன்னான்.

செல்வா தாராவியில் பிறந்தவன். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. எங்கள் ஊர்த் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுவான், படிப்பதென்றால் எழுத்துக் கூட்டுவான். தேவ்நாரில் ஓர் அறை எடுத்துச் சேர்ந்து வாழ்ந்தோம். போன மழைக்காலத்தில், பட்டப்பகலில், அதே இனிப்பான பெயரைச் சொல்லிக்கொண்டே பக்கத்துச் சந்துக்காரர்கள் இரண்டு பேர் அவனை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். தாடை உடைந்தது. டீக்கடை அக்கா பார்த்திருந்தாள். சாட்சி சொல்லவும் தயார். இதற்குமேல் போலீசுக்கு என்ன சிரமம் இருக்கப்போகிறது என்று, செல்வாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அடித்தவர்கள் யாரென்று கேட்கவில்லை. "ரூம் மே பலங்க் கித்னே?" என்றார். அறையில் எத்தனை கட்டிலாம். கம்பியின் நீளத்தைவிடக் கட்டிலின் அகலம் புலனாய்வுக்கு முக்கியம் போலிருக்கிறது. "ஒன்று" என்றேன். அத்தோடு துப்பு துலங்கிவிட்டது. "ஆபஸ் கா ஜகடா" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்: உங்களுக்குள் சண்டை, நீயே அடித்துவிட்டு ஊரார்மேல் பழி போடுகிறாய். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சட்டம் மாறிவிட்டதே சார் என்றேன். "வோ தில்லி மே" என்றார். அதெல்லாம் தில்லியிலாம். தில்லியிலிருந்து தேவ்நாருக்குச் சட்டம் வந்துசேர எந்த ரயிலைப் பிடிக்க வேண்டுமோ. அடித்தவர்கள் அன்று சாயங்காலம் அக்கா கடையிலேயே டீ குடித்தார்கள். நான் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தேன். என் போனை வாங்கி, படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்து ரசித்தவர், ஊரில் இருக்கும் என் அண்ணனையும் கூப்பிட்டுப் பேசினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். "ஏலே, போலீஸ்காரர் போன் பண்ணாரு. இந்தியிலயே பேசுனாரு. நானும் ஆமா சார், ஆமா சார்னேன். ஒண்ணும் வெளங்கல. என்னதாம்ல சொன்னாரு?"

தமிழ்நாடு இந்தியைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாததன் முழுப் பலனையும் அந்த நிமிஷம்தான் அனுபவித்தேன். எதை வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம். கம்பி வைத்துத் தாடை கட்டப்பட்ட செல்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கூட இருக்கவன அடிச்சிட்டானுவ அண்ணே."

"யாரு, ரூம்மேட்டா?"

"ரூம்மேட் இல்ல. எனக்கு இனிமே பொண்ணு பாக்காதீய. எனக்கு அவந்தான்."

அண்ணன் அடுத்துக் கேட்டது இவ்வளவுதான்:

"சாப்பிடுதானா?"

"கஞ்சிதான் எறங்குது."

"பாத்துக்கோ." பிறகு, குரலைத் தாழ்த்தி, "அம்மன் கோயில் கொடைக்கு வந்துரு. ஒத்தையில வா" என்றார்.

செம்பூரில் ஒரு வக்கீலம்மா மேலதிகாரிகள்வரை அலைந்து வழக்கைப் பதிய வைத்தார். அக்கா சொன்ன சொல்லில் நின்றாள். அடித்தவர்கள் இருவரும் கைதாகி, ஜாமீனில் வந்து, பழைய சந்திலேயே இருக்கிறார்கள். எங்களால் ஏரியாவின் பெயர் கெடுகிறது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதால், நாங்கள் கோபர்கைரனேவுக்குப் போய்விட்டோம். அடித்தவர்களின் விலாசம் அப்படியே இருக்கிறது, அடிபட்டவனுடையதுதான் மாறியது.

கொடைக்கு ஒற்றையில் போனேன். அண்ணன் எனக்குத் திருநீறு பூசிவிட்டார். மேளம் உச்சத்தில் இருக்கும்போது செல்வா வீடியோவில் கூப்பிட்டான். "அம்மன காட்டேன்டா" என்றான், இன்னும் சரியாகத் திறக்காத வாயால். கூட்டத்தின் நடுவே போனை எடுத்து, திரையை என் நெஞ்சோடு ஒட்டி, காமிராவை அம்மன் பக்கம் திருப்பிப் பிடித்தேன். என் ஊர் முழுவதையும் அவன் பார்த்தான். ஊர் அவனைப் பார்க்கவில்லை.