பெண் பார்க்க வந்தவர் கொண்டுபோன நாவல்

என் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டுபவர். வடையும் தேத்தண்ணியும் முடிந்ததும், இருவரும் தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று பெரியவர்கள் வாசலுக்குப் போனார்கள். ஒன்பது வயதான என்னை யாரும் பெரியவர்களில் சேர்க்காததால் நான் உள்ளேயே இருந்தேன். அத்தை அதிகம் பேசவில்லை. ஒரு தடித்த நாவலை அவரிடம் நீட்டி, படித்துவிட்டு வந்து சொல்லச் சொன்னாள். அவரும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவின் தங்கையான அத்தை பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். அங்கே அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளி, குவைத்துக்குப் போகும்போது அந்த நாவலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மடுல்சீமையில் எங்கள் லயத்து வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை அதை எனக்கு வாசித்துக் காட்டுவாள். அரிசியில் கல் பொறுக்குகிற சாக்கில் அம்மாவும் கேட்பாள்.

பெரிய நகரமொன்றில், மழை பெய்யும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒருவன். பஸ் தரிப்பிடத்தில் அவனைக் கண்டு காதலிக்கிற ஒருத்தி. அவளுக்கு ஒரு கூட்டாளி. அந்த மழைக்காரன் வெயிலிலும் மனிதனாக நிற்க வேண்டுமானால், யாராவது ஒருவர் எல்லோருடைய ஞாபகத்திலிருந்தும் அழிந்துபோக வேண்டும். கூட்டாளி சம்மதிக்கிறாள். கல்யாணப் பந்தியில் அவளும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மணப்பெண் வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா என்று அவளிடம் அன்பாக விசாரிக்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் அத்தை இரண்டு முறை வாசிப்பாள்.

எனக்கோ மழைக்காரன்தான் கதை. மழை பிடித்தால் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் ஊரில் மழைக்குக் குறைவில்லை, அவன்தான் வரவில்லை.

லொறிக்காரரும் வரவில்லை. வாரங்கள் போயின. அதற்கு முன்பே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. கட்டிக்கப் போறவரை நம்பிப் பேசாமல் பரீட்சை வைத்தால் யார்தான் வருவார்கள் என்று அப்பா வருத்தப்பட்டார். அம்மா சுருக்கமாக முடித்துவிட்டாள்.

“மாப்பிள்ளையும் போச்சு, பொஸ்தகமும் போச்சு.”

அந்த ஞாயிறு அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் புத்தகம் போனதுதான் துக்கம்.

அவர் திரும்பி வந்த அன்று நல்ல மழை. சட்டைக்குள்ளிருந்து பாண் சுற்றிவந்த பொலித்தீன் பையொன்றை எடுத்தார். உள்ளே நாவல் நனையாமல் இருந்தது. பக்கங்களில் பச்சைக் கொழுந்து வாசம் அடித்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் லொறி நிற்கும்போதுதான் படிக்க முடிந்தது, தான் எழுத்துக்கூட்டிப் படிப்பவன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார்.

அத்தை கதவோரம் நின்றபடி, கதை எப்படி இருந்தது என்று கேட்டாள்.

அவர் சொன்னார்:

“நல்லா இருந்துச்சுங்க. ஆனா அந்தக் கூட்டாளிப் புள்ள... சாப்பிட்டு எந்திரிச்சிப் போனப்ப அதோட யாருமே போகலையே. பஸ்ஸுக்குத் தனியாத்தானே நின்னிருக்கும்? எனக்கு அதுக்கு மேல படிக்க ஏலாமப் போச்சு. ரெண்டு நாள் மூடி வச்சிட்டேன்.”

அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டாள். அம்மா பயந்துபோய்ப் பின்னாலேயே போனாள். தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. சற்றுப் பொறுத்து அம்மா வெளியே வந்து அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். அப்பா அவரைப் பார்த்துச் சிரித்து, நாள் பார்க்கலாம் என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மழைக்காரனைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவர் எப்படித் தேறினார்? அடுப்படிக்கு ஓடினேன். அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் போலவே ஏமாந்துபோய் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன்.

“அவருக்குக் கதை வெளங்கல அத்தை. அழாதீங்க, நான் சொல்லிக் குடுக்கிறேன்.”