கரிசல் மண் அடைத்த குழிகள்

1. கடைக்குள் விழுந்த கல்

கல் விழுந்த நேரம் மைதீன் அண்ணாச்சி தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் ஆள் இல்லை. அதனால்தான் இதை என்னால் இன்று நிதானமாக எழுத முடிகிறது. தேங்காய் அளவு கல். ஓட்டுக் கூரையை உடைத்துக்கொண்டு இறங்கி, அவர் வழக்கமாக உட்காரும் பலகையை இரண்டாக முறித்துவிட்டு, பக்கத்தில் இருந்த புளிச் சாக்கில் புதைந்து கிடந்தது.

அந்தக் கல்லை அனுப்பியது நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. புதூர் வட்டாரத்தில் ஒரு கண்மாய்க்குப் புதுக் கலிங்கு கட்டும் வேலை. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியேறி ஓடைக்குப் போக வேண்டும். இடையில் ஒரு பாறைத் திட்டு. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் காடு. நடுவில் இது மட்டும் மாடு படுத்த மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதை உடைத்து வாய்க்கால் எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்குள் முடியாவிட்டால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வரும். முந்தின வருஷம் பாதிக் கரை போய்விட்டிருந்தது. அதனால் ஊரே எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மருந்துக்காரன். வெடிமருந்தைக் கையாள லைசென்ஸ் உள்ள ஆள் அந்த வேலையில் நான் ஒருவன்தான். அதற்கு முன் ஆறு வருஷம் செங்கோட்டைப் பக்கம் குவாரிகளில் வேலை பார்த்திருந்தேன்.

கம்ப்ரஸரும் மின்சார டெட்டனேட்டரும் பார்த்து வளர்ந்த இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது குழி போடுவது கையால்தான். ஒருவர் ஜம்பர் கம்பியைப் பிடித்துத் திருப்புவார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். மூன்றடிக் குழி இறங்க அரை நாள் போய்விடும். மறுநாள் நான் நீளக் கரண்டியால் குழிக்குள் கிடக்கும் கல்தூளை வழித்தெடுத்து, ஜெலட்டின் தோட்டாக்களை ஒவ்வொன்றாக மரக்கம்பால் உள்ளே தள்ளுவேன். இரும்புக் கம்பி ஆகாது. ஒரு பொறி போதும். கடைசித் தோட்டாவில், வெடியைக் கிளப்பிவிடும் கேப்பும் அதற்குத் தீ கொண்டுபோகும் திரியும் இருக்கும். அதற்கு மேல் குழியின் வாய்வரை ஈரமண்ணை அடைத்து இடிக்க வேண்டும். ஸ்டெம்மிங் என்பது இந்த மண் அடைப்புதான். வாய் இறுக்கமாக மூடியிருந்தால் வெடி வேறு வழியில்லாமல் பாறையைப் பிளக்கும். வாய் இளகியிருந்தால் குழி துப்பாக்கிக் குழல் ஆகிவிடும். பாறை அசையாது, மண்ணும் கல்லும் வானத்துக்குப் போகும். குழி துப்பிவிட்டது என்போம்.

அந்த வேலையில் தினமும் மூன்று நாலு குழி துப்பியது. ஒன்று மைதீன் அண்ணாச்சி கடைக்குள் துப்பியது.

அவர் சத்தம் போடவில்லை. முறிந்த பலகையையும் கல்லையும் எனக்குக் காட்டினார். பிறகு, "தம்பி, நான் ஒரு மணி நேரம் எந்திரிச்சுப் போறதுன்னா தொழுகைக்கு மட்டும்தான். மத்த நேரம் பூரா இங்கனதான் இருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

2. ஓவர்சியரின் கணக்கு

எங்கள் ஓவர்சியர் திருச்சிப் பக்கத்துக்காரர். மறுநாள் காலை பாறையில் துப்பிய குழிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். உடையாமல் நின்ற பாறையைக் காலால் தட்டினார். அங்கே பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"குழிக்கு நாலு தோட்டான்னு சொல்றே. பாறையைப் பாத்தா ரெண்டு போட்ட மாதிரிதான் இருக்கு. மிச்சம் எந்தக் கிணத்துக்குய்யா போகுது?"

சுற்று வட்டாரத்தில் கிணறு தோண்டிப் பாறை தட்டி நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் இரண்டு பேர் என்னிடம் தோட்டா கேட்டு வந்ததும் உண்மை. நான் கொடுக்கவில்லை. ஆனால் கொடுக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? வெடித்துப் போன தோட்டாவைத் திருப்பிக் காட்ட முடியாது. அவர் எனக்கு ஒரு வாரம் கொடுத்தார். அதற்குள் பாறை ஒழுங்காக உடையாவிட்டால் வேறு ஆளைக் கூட்டி வருவதாகவும், என் லைசென்ஸைப் பற்றி மேலே எழுதுவதாகவும் சொன்னார்.

அந்த அவமானத்தை நான் நேராக எடுத்துக்கொண்டு போய் சண்முகத்தாயிடம் இறக்கினேன். அதை மறைக்க விரும்பவில்லை. ஸ்டெம்மிங்குக்கு மண் பிசைந்து, குழிக்குள் நுழையும் கனத்தில் உருட்டிக் கொடுப்பவள் அவள். என் வயதுதான் இருக்கும். புருஷன் கோவில்பட்டி மில்லில் வேலை பார்த்தான். கூட்டத்தின் முன்னால், மண் பிசைகிறாளா இல்லை கதை பேசிக்கொண்டிருக்கிறாளா என்று கேட்டேன். அவள் கூடையிலிருந்து ஒரு உருட்டை எடுத்து, என் கண் முன்னால் இரண்டு விரலால் வளைத்துக் காட்டினாள். வெண்ணெய் மாதிரி வளைந்தது, விரிசல் விடவில்லை. திரும்பக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மண்ணில் குறையில்லை என்று எனக்கும் தெரிந்தது. அப்படியானால் எங்கே குறை?

3. வடக்கும் தெற்கும்

அன்றிலிருந்து சுண்ணாம்புக் கட்டியால் பாறை மேல் குறி போட ஆரம்பித்தேன். பன்னிரண்டு குழி, வடக்கிலிருந்து தெற்காக ஒரே வரிசை. எது உடைத்தது, எது துப்பியது என்று நாலு நாள் குறித்தேன். துப்பிய குழி எல்லாம் வடக்கு ஓரத்திலேயே இருந்தன. ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது குழி, சில நாள் நாலாவதும். தெற்கே இருந்த குழிகள் எல்லாம் அழகாக உடைத்தன.

எனக்கு ஒரே சந்தோஷம். வடக்குப் பக்கம் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏதோ இருக்கிறது, வெடியின் வேகம் அதன் வழியாகப் போய்விடுகிறது என்று முடிவு கட்டினேன். ஓவர்சியரிடம் சொல்வதற்கு வார்த்தைகள்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

அதற்கு மறுநாள் ஒன்றும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தேன். வழக்கமாக வடக்கிலிருந்துதான் மருந்து ஏற்றத் தொடங்குவேன். அன்று மருந்துப் பெட்டியைத் தெற்குப் பக்கம் வைத்துவிட்டார்கள். தூக்கிப் போகச் சோம்பல்பட்டு, தெற்கிலிருந்தே தொடங்கினேன். சாயந்தரம் வேட்டுப் போட்டபோது வடக்குப் பக்கம் நன்றாக உடைத்தது. தெற்கே மூன்று குழி துப்பின.

நான் பாறை மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் பாறையில் ஒன்றும் இல்லை. எந்த இடம் என்பது காரியமே இல்லை. முதலில் ஏற்றிய குழிதான் துப்புகிறது.

எங்கள் வேலை முறையைச் சொன்னால் விளங்கும். பதினொரு மணிக்கு ஏற்றத் தொடங்குவேன். ஒரே ஆள் என்பதால் பன்னிரண்டு குழியும் முடியும்போது மணி மூன்றரை ஆகிவிடும். மேய்ச்சலுக்குப் போன மாடுகள் அந்த வழியாகத் திரும்பி, சாயந்தர பஸ்ஸும் போன பிறகு, நாலரைக்குத்தான் விசில் ஊதித் திரி கொளுத்துவோம். அதாவது முதல் குழி ஐந்து மணி நேரத்துக்கு மேல் வெயிலில் காத்துக் கிடக்கிறது. கடைசிக் குழிக்கு ஒரு மணி நேரம்தான்.

காத்துக் கிடந்தால் எது கெடும்? தோட்டாவா? அது வாரக்கணக்கில் பெட்டியில் இருக்கிறது. திரியா? கேப்பா? அவை கெட்டால் வெடிக்கவே செய்யாது, ஆனால் துப்பிய குழி எல்லாம் வெடித்துத்தான் துப்பியது. செங்கோட்டையிலும் நான் இப்படித்தான் காலையில் ஏற்றிச் சாயந்தரம் வெடித்தேன். அங்கே இந்தத் தொல்லை இல்லை. அங்கே இல்லாத எது இங்கே இருக்கிறது?

மறுநாள் காலையில் பிசைந்த மண்ணைக் கொண்டுவந்த சண்முகத்தாயிடம், வேறு கேட்க ஆள் இல்லாமல், இதைச் சொன்னேன். முந்தின வாரம் திட்டியதற்கு வருத்தமும் சொன்னேன். வருத்தத்தை அவள் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. முதல் குழி எத்தனை மணிக்கு, கடைசிக் குழி எத்தனை மணிக்கு என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கூடையை இறக்கி வைத்தாள்.

"அண்ணாச்சி, கோடையில எங்க காட்டுல நடந்து பாத்திருக்கீயளா? வெடிச்ச வெடிப்புல முழங்கால் வரைக்கும் உள்ள போவும். ஈரத்துல ஒட்டுத மண்ணு இது, வெயில் பட்டா சுருங்கிப் போவும். ஒரு ஏக்கர் காடே சுருங்குது. ஒங்க குழிக்குள்ள மட்டும் சும்மாவா இருக்கும்?"

4. மருந்தில்லாத மூன்று குழிகள்

செங்கோட்டையில் நான் அடைத்ததெல்லாம் செம்மண். மண் என்றால் மண்தானே என்று நினைத்து, இங்கே காலடியில் கிடந்ததை அடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வேட்டுப் போடுவதை நிறுத்தி வைத்தேன். ஓவர்சியர் முகம் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை. மருந்தே வைக்காமல் மூன்று வெறும் குழிகளை எடுத்துக்கொண்டோம். ஒன்றில் கரிசல் மட்டும். இரண்டாவதில் கரிசலோடு பாதிக்குப் பாதி ஓடை மணல். மூன்றாவதற்கு, மேற்கே இரண்டு மைலில் இருந்த செவல் நிலத்திலிருந்து ஒரு கூடை செம்மண் கொண்டுவந்து, அதிலும் மணல் கலந்தோம். பதினொரு மணிக்கு மூன்றையும் ஒரே மாதிரி இடித்து அடைத்தேன். பிறகு எங்களுக்கு வேலை இல்லை. பாறை உள்ளங்கை வைக்க முடியாமல் கொதித்தது.

நாலரை மணிக்கு ஓவர்சியரும் வந்து குனிந்தார். சண்முகத்தாய் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக் கரிசல் அடைத்த குழியின் ஓரத்தில் வைத்தாள். மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே அது ஒரு சாண் ஆழம் சிரமமில்லாமல் இறங்கியது. நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினேன். குழி மடமடவென்று குடித்தது. இரண்டாவது குழியில் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்று மெதுவாக இறங்கியது. செம்மண் அடைத்த குழியின் மேல் குளம் மாதிரி அப்படியே நின்றது.

ஓவர்சியர் முதல் குழியிலிருந்த மண்ணைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தார். புட்டியின் தக்கை மாதிரி மேல்பாதி கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நாளைக்கே செம்மண்ணுக்கு ஒரு வண்டி பிடித்துவிடலாம் என்றார். போகும்போது அந்த மண் உருட்டைத் துண்டில் முடிந்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பன்னிரண்டு குழிக்கும் மணல் கலந்த செம்மண். இன்னொன்றும் செய்தேன்: ஒரு மணிக்கு முன்னால் ஏற்றத் தொடங்கவில்லை, குழிகளை வழித்துச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் காலையில் முடித்துக்கொண்டேன். மருந்து ஏற்றிய குழியை வெயிலில் காக்கப் போடுவதே தப்பு என்று அதற்குள் எனக்கு உறைத்திருந்தது.

விசில் ஊதுவதற்கு முன் சண்முகத்தாய் ஒன்று கேட்டாள். மூன்று மாதமாக மண் உருட்டுகிறாள், ஒரு வேட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. சிவப்புக் கொடி ஏறியதும் பெண்களையெல்லாம் ஊர் எல்லை வரை விரட்டிவிடுவோம். அவளைத் தூரத்தில் நாங்கள் பதுங்கும் கல்சுவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். திரிகளைக் கொளுத்திவிட்டு ஓடிவந்து நானும் அங்கே நின்றேன். சுவரில் இருந்த இடுக்கு வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டும் எண்ணினேன். சீறல் இல்லை, வானத்துக்குப் போகும் கல் இல்லை. பூமிக்குள் யாரோ உலக்கை போட்ட மாதிரி அடக்கமான சத்தம். பாறை வரிசையாக ஒரு முழம் எழுந்து, அப்படியே உட்கார்ந்தது. கொஞ்சம் புகை. அவ்வளவுதான்.

அவள் இடுக்கிலிருந்து முகத்தை எடுத்தாள். ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா எங்கள அத்தன தூரம் வெரட்டுனீய?"

அந்த வருஷம் மழைக்குப் பத்து நாள் முன்னால் வாய்க்கால் முடிந்தது. கண்மாய் பெருகி, கலிங்கு வழியாகத் தண்ணீர் போனதை ஊர் ஜனங்களோடு நானும் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு முப்பது வருஷம் எத்தனையோ ஊர்ப் பாறைகளில் மருந்து வைத்தேன். போன இடத்தில் எல்லாம் பாறையைத் தட்டிப் பார்ப்பதற்கு முன், அந்த ஊர் மண்ணைப் பிசைந்து ஒரு உருட்டு வெயிலில் வைப்பேன். மண் சுமக்கிற ஆட்களிடம் இந்த மண் என்ன செய்யும் என்று கேட்பேன். சொல்லத் தெரியாதவர் என்று ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை என்பதுதான் குறை.

நான் வேலை சொல்லிக் கொடுத்த இளைஞர்கள் நல்ல வேட்டுக்கு அடையாளம் என்ன என்று கேட்பார்கள். பக்கத்தில் நின்று பார்க்கிறவர் இவ்வளவுதானா என்று கேட்க வேண்டும் என்பேன்.