செல்வநாயகியின் குறுக்கு விசாரணை

"கண்டனீங்களோ, கேட்டனீங்களோ?"

கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் யார் வம்பளந்தாலும் செல்வநாயகி இதைத்தான் கேட்பாள். யாரோ ஓடிப்போன கதையை நான் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் கேட்டாள். கேட்டதுதான் என்றேன். "அப்ப அது சாட்சியமில்லை அண்ணை" என்று சொல்லிவிட்டுச் சீனி வாங்கப் போய்விட்டாள். என் கதை அந்தரத்தில் நின்றது.

அவளுக்கு முப்பது வயது. கொழும்புச் சட்டக் கல்லூரியில் படித்தவள், தொண்ணூறில் சண்டை தொடங்கியதும் உடுப்பிட்டியில் அகப்பட்டுக்கொண்டாள். ஊர் வைத்த பட்டம் 'அப்புக்காத்தர்', அதாவது வக்கீல். வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிடும்போது குற்றவியல் சட்டப் பிரிவுகளை உரக்க ஒப்புவிப்பாள்.

"கோட்டுக் கச்சேரியே பூட்டிக் கிடக்கு. உந்தப் படிப்பு ஆருக்கடி?" என்பார் தாய் பூரணம்.

"திறக்கேக்கை ஆள் வேணுமெல்லோ அம்மா."

சண்டையில் கொழும்புப் பாதை மூடியதால் இறுதிப் பரீட்சை இரண்டு முறை தவறிவிட்டது. போன மாதம் மூன்றாவது வாய்ப்பு. கிளாலிக் கடனீரேரியில் இரவுப் படகைப் பிடித்துக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அவளுடைய சைக்கிள் களவு போயிற்று. இரவலும் கிடைக்கவில்லை.

புறப்படும் நாள் காலை, ஊர் கள்ளனைப் பிடித்துவிட்டது. கூலி வேலை செய்யும் முத்துக்குமாரு. அவருடைய சைக்கிளில் உட்காரும் சீற்று, செல்வநாயகி நீலத் துணி தைத்தது! அவரைச் சங்கக்கடைத் தூணில் கட்டியாயிற்று. எனக்கும் கை துடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செல்வநாயகி வந்து பார்த்தாள். "சீற்று என்ரைதான்."

கூட்டம் உறுமியது.

"பொறுங்கோ." என்று முத்துக்குமாருவிடம் திரும்பினாள். "இந்த மட்காட் ஆரின்ரை?"

"தெரியாது பிள்ளை. நெல்லியடியிலை பழஞ்சாமான் விக்கிறவனிட்டை வாங்கினது. சீற்றும் நேற்று அங்கைதான் வாங்கினனான்."

புதுச் சாமான் எதுவும் வராத இந்தக் காலத்தில் எல்லோருடைய சைக்கிளும் இப்படித்தான் ஓடுகிறது. என்னுடையதிலேயே நாலு பேருடைய சாமான்கள்.

"இவர் களவெடுத்ததை ஆர் கண்டது?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்கள்.

"அப்ப அவிட்டு விடுங்கோ."

கட்டை அவிழ்த்தவர்களில் நானும் ஒருவன். இந்தப் பெண்ணுக்கு முன்னால் நாங்கள் எவ்வளவு சின்ன மனிதர்கள் என்று அப்போது தோன்றியது.

முத்துக்குமாரு கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை நிமிர்த்தினார். "ஏறு பிள்ளை, கிளாலியிலை கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம் அண்ணை. முறைப்பாட்டுக்காரி எதிரிக்கூண்டிலை நிண்டவரின்ரை சைக்கிளிலை ஏறினால், பயத்திலை ஏத்தினவரெண்டு நாளைக்குச் சொல்லுவினம்."

கிளாலிக்கு இருபது மைல். கொழும்பில் போட்டுக்கொள்ளவென்று செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.