கொதிக்கும் கஞ்சியும் ஜின்னும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சிவாஜிநகரில் மாடி வீட்டுக்குக் குடிபோன முதல் வாரமே அந்த வாயால் மாட்டிக்கொண்டேன்.

அன்று மாடியில் சிங்க் அடைத்துக்கொண்டது. சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கீழே எடுத்துவந்து, கொல்லைச் சாக்கடையில் கொட்டினேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார ஆன்ட்டி "யா அல்லா!" என்று அலறினார். கை கால் வெந்துவிட்டதா என்று என்னைப் பார்க்கவே இல்லை. சாக்கடையைத்தான் பார்த்தார்.

"சூடா ஊத்துறப்போ பிஸ்மில்லா சொல்லணும்மா! இல்ல, உங்க சாமி பேராவது சொல்லு. உள்ள ஜின் இருக்கும். ஒதுங்கிக்க டைம் குடுக்க வேணாமா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்குத் தெரிந்த ஜின் கார்ட்டூனில் வருவது: நீலத் தொந்தி, உச்சிக்குடுமி, கைகட்டி நின்று "சொல்லுங்கள் எசமான்" என்னும் விளக்குப் பூதம். எங்கள் ஆபீஸ் ஆப்பில் கஸ்டமருக்குப் பதில் சொல்லும் பொம்மையும் அதுதான்.

"வரட்டுமே ஆன்ட்டி! மொதல்ல சிங்க் அடைப்பை எடுக்கச் சொல்றேன். பாக்கி ரெண்டு வரம் உங்களுக்கு."

அவர் முகம் சுண்டிப்போனது. "அரே, அது என்ன உன் வீட்டு வேலைக்காரனா? மனுசனுக்கு முன்னாடியே பொகையில்லாத நெருப்புல படைச்சது. சாப்பிடும், கல்யாணம் பண்ணும், சாகும். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரே ஒரு நபிக்குத்தான் அதுங்க அடங்கிச்சு. அடங்காததைச் செம்புக்குள்ள போட்டு மூடினாருன்னு கதை சொல்வாங்க."

அந்தச் செம்புதான் கதை கதையாகக் கைமாறி, விளக்காகி, தொந்தி வைத்து எங்கள் ஆப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது! எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா. அது மேல கொதிதண்ணி ஊத்தினா நம்ம புள்ளய சும்மா விடுமா?"

அவர் பார்வை சன்னல் பக்கம் போனது. உள்ளே பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் படுத்திருந்தாள். எட்டாம் மாதம். முதல் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனதாம். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் என் தலையல்லவா உருளும்? மன்னிப்புக் கேட்டேன். ஆன்ட்டி தொழப் போய்விட்டார்.

மகள் மெல்ல எழுந்து சன்னலுக்கு வந்தாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாத" என்றேன்.

"போன தடவை நானும் இப்படித்தான் சூடா ஊத்தினேன் அக்கா. எங்க மாமியார் வீட்டுல. அவசரத்துல பிஸ்மில்லா சொல்ல மறந்துட்டேன். மறுவாரமே கொழந்தை போயிடுச்சு. அம்மிக்குத் தெரியாது" என்று தாய் தொழப் போன பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தூக்கிவாரிப்போட்டது எனக்கு. இத்தனை நாளாக இதையா மனதில் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறாள்!

"அடிப்பாவி! டாக்டர் வேற காரணம் சொல்லியிருப்பாங்களே?"

"சொன்னாங்க. ஏத்துக்கிட்டேன்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாக்கடையையே பார்த்தாள். "என் கொழந்தைக்காகச் சொல்லல அக்கா. அந்த ஜின்னோட கொழந்தை நெசமாவே வெந்து போயிருந்தா? அந்த அம்மாகிட்ட நான் எங்க போய் மன்னிப்பு கேக்கறது?"