கொடிக்காலில் வழுக்கிய கால்

சுடலைராஜுக்கு அடுத்த மாசியில் ஐம்பது முடிகிறது. ஆத்தூர்ப் பக்கம் அரை ஏக்கர் வாழையும் ஒரு கபடிக் குழுவும் அவருடைய சொத்து. வாழையைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். குழுவைப் பற்றிக் கேட்டவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

பல்கலைக்கழகத்துக்காரர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. முன்பு மூன்று கூட்டம் வந்து போயிருந்தது. பையன்களை நிறுத்தி உயரம், எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள், பேனர் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். எடுத்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் பேராசிரியர் மாலினி முதல்முறை வந்தபோது, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“வாறீய, எடுக்கீய, போறீய. திரும்பி வாறதா இருந்தா மட்டும் உள்ள வாங்க.”

மாலினிக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம். இந்தப் பேச்செல்லாம் அவர் கேட்டு வளர்ந்ததுதான், முகம் சுளிக்கவில்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை வருவோம், எந்தப் பரிசோதனை செய்தாலும் முடிவைக் கையில் தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார். அவர்கள் ஓய்வு என்று சொன்ன பையனைக் களத்தில் இறக்கக் கூடாது. இதென்ன பெரிய காரியம் என்று சுடலைராஜ் கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மா சொன்னபடி வந்தார். மழையில் ரோடு அறுந்த வாரம்கூடச் சுற்றுவழியாக வந்து சேர்ந்தார். கபடிக் களத்து ஓரத்தில் பெண்களுக்கும் பிரஷர், சுகர் பார்த்தார்கள். சங்கரம்மாளுக்குச் சர்க்கரை இருப்பது அங்கேதான் தெரிந்தது. அவள் புருஷன் இல்லாதவள். குத்தகைக்குக் கொடிக்கால் பிடித்து வெற்றிலை போட்டு மகன் முத்துமணியை வளர்த்தவள். சாயங்காலம் பத்துப் பதினைந்து பெண்களோடு அவள் களத்தைச் சுற்றி நடப்பாள், மகன் உள்ளே விளையாடுவான்.

அந்த முத்துமணிக்குத்தான் முட்டி ஜவ்வில் லேசான கிழிசல் என்று ஸ்கேனில் வந்தது. ஆறு வாரம் ஓய்வு என்றார் மாலினி. நாலாவது வாரம் ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இறுதிப் போட்டி.

சுடலைராஜ் பகலெல்லாம் யோசித்தார், யோசித்தார் என்பதும் பொய். முதலிலேயே முடிவு பண்ணிவிட்டு அதற்குக் காரணம் தேடினார். போட்டியன்று காலை முத்துமணி தன் அம்மா சொன்னபடி கொடிக்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடப் போயிருந்தான். வேனை அங்கேயே கொண்டு நிறுத்தினார். “ஏலே, ஒரே ஒரு ரைடு. தேவைப்பட்டாத்தான்” என்றார். அண்ணாச்சி கேட்டு மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் தேவைப்பட்டது. மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியவன் கோட்டைத் தாண்டி விழுந்தான். பிறகு அவனால் அந்தக் காலை ஊன்றி எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலினி எப்படி நடந்தது என்று கேட்டார். முத்துமணி வாய் திறக்குமுன் சுடலைராஜ் முந்திக்கொண்டார். சங்கரம்மாளிடம் அன்றைக்கே சொல்லிவைத்தபடி, கொடிக்காலில் வழுக்கிவிட்டது என்றார். உண்மையைச் சொன்னால் இவர்கள் போய்விடுவார்கள், பெண்களுக்குச் சுகர் பார்க்க ஆள் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் தலையைக் காப்பாற்றப் பெண்களின் சர்க்கரையைப் பிடித்துக்கொண்ட மனுஷன்! குழுப் பையன்களும் அண்ணாச்சி சொல்லைத் தட்டாமல் வாயை மூடிக்கொண்டார்கள்.

பொய் அதோடு கிடந்திருந்தால் தப்பித்திருப்பார். மாலினி படித்தவர், கேட்டதை அப்படியே விடுகிற ஆளில்லை. எந்த வரப்பு, எவ்வளவு ஈரம், காலில் செருப்பு இருந்ததா என்று கேட்டுக் குறித்தார். சுடலைராஜ் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். இரண்டு மாதத்தில் மாலினியின் மாணவிகள் வீடு வீடாக வந்து, கொடிக்காலில் யார் யார் விழுந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கு முன்பு விழுந்ததைக்கூட விடாமல் சொன்னார்கள். வழுக்காமல் நடக்க உடற்பயிற்சி என்று நோட்டீஸ் அடித்துக் கதவுக்குக் கதவு ஒட்டினார்கள். அவர் வீட்டுக் கதவிலும் ஒன்று. அதைப் பார்க்கக் கூசி, கொஞ்ச நாள் கொல்லைப்புற வழியாகவே வீட்டுக்குள் போய்வந்தார்.

எட்டு மாதம் கழித்து, ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கச் சமுதாய நலக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். சுடலைராஜுக்கு முன்வரிசை நாற்காலி, தோளில் சால்வை. உபயோகமாக இருந்ததா என்று பெண்களைப் பேசச் சொன்னார் மாலினி. சங்கரம்மாள் எழுந்தாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்குக் காலையில தண்ணி திறக்கப் போமாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் ஏசி அனுப்புனேன். எம் பிள்ளை கால நானே ஒடிச்சிட்டேன். அதுக்கப்புறம் கொடிக்காலுக்குள்ள காலு வைக்க மனசு வரல. குத்தகையை விட்டுட்டுக் கூலிக்குப் போறேன். இந்த நோட்டீஸ் முன்னமே வந்திருந்தா அவன் கால் தப்பிச்சிருக்கும்.”

கூட்டம் கைதட்டியது. முத்துமணி சுவரோரம் சாய்ந்து நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தன்னைப் பார்த்து முறைத்திருந்தாலும் சுடலைராஜ் தாங்கியிருப்பார்.

அவர் எழுந்தார். சால்வை நழுவி விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை.

“அவன் கொடிக்கால்ல விழல. களத்துல விழுந்தான். ஓய்வுன்னு தெரிஞ்சே நாந்தான் கூட்டிட்டுப் போயி எறக்கினேன். பொய் சொன்னதும் நாந்தான்.”

இந்தப் பொய்யை நம்பி எழுதிய ஆய்வுக் கட்டுரையையும் ஒட்டிய நோட்டீஸையும் திரும்பப் பெற வேண்டும் என்றார் மாலினி. சனிக்கிழமைகளில் வருவது நிற்காது, ஆனால் குழுவின் பொறுப்பில் இனி சுடலைராஜ் இருக்கக் கூடாது என்றார். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தண்டனை அவருக்கு லேசாகத்தான் இருந்தது.

சங்கரம்மாள் இன்னும் மைக்கை விடவில்லை. ஏசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் ஏசவில்லை.

“அன்னைக்கு ஜெயிச்சியளா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

ஓட்டப்பிடாரத்திலிருந்து திரும்பும்போது வேன் ஜன்னலில் கையை நீட்டி ஊரெல்லாம் கேட்கக் கூவிய வார்த்தை அது. இப்போது அவர் வாயிலிருந்து அது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை. அவள் மறுபடியும் கேட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொல்ல வேண்டியிருந்தது.

“ஜெயிச்சோம்.”